தென்னை, கமுகு, பனை: மழைக்காலத்திலும் கடுங்குளிரிலும் காப்பது எப்படி? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் போதும், தென்னை வைத்திருப்பவர்களுக்கு வானத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் வந்துவிடும். ஒக்கிப் புயலுக்குப் பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது. குலசேகரம் பக்கத்தில் விளை (தோப்பு) வைத்திருப்பவர், நாகர்கோவிலில் வீட்டு முற்றத்தில் நாலு மரம் மட்டும் வைத்திருப்பவர், வெளிநாட்டில் இருந்துகொண்டு அங்கே ஒரு பனையை நட்டுவிட்டுத் தவிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

முதலில் ஒன்று சொல்லுங்கள். தென்னையில் எதைக் காப்பாற்றினால் மரம் பிழைக்கும்?

குருத்தை. மாமரத்தில் ஒரு கொம்பு முறிந்தால் பக்கத்தில் துளிர்க்கும். பலாவை இடுப்பளவில் வெட்டினாலும் மறுபடி கிளைக்கும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. மண்டையின் நடுவே, இளம் ஓலைகள் சுற்றிப் பொதிந்திருக்கும் இடத்தில், ஒரே ஒரு வளர்முனை இருக்கிறது. அது அழுகினாலோ முறிந்தாலோ மரம் போச்சு. ஓலை கிழிந்ததற்காக யாரும் பயப்பட வேண்டாம், நல்ல மரம் மாதத்துக்கு ஒரு ஓலை வீதம் விட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, தண்டில் படும் காயம். மற்ற மரங்களில் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். தென்னை, கமுகு, பனை மூன்றிலும் அப்படி மூடாது. இன்றைக்கு ஆணி அடித்த ஓட்டை இருபது வருடம் கழித்தும் ஓட்டையாகவே இருக்கும். தேர்தல் தட்டி கட்டுவதற்கு ஆணி அடிக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மழைக்கான வேலைகளை எப்போது தொடங்க வேண்டும்?

தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்கள் பலவற்றுக்கும் பெருமழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். நமக்கு ஆனி, ஆடிச் சாரலும் சேர்த்து இரண்டு பருவம். அதனால் வேலையையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வைகாசி முடிவதற்குள் ஒரு முறை, புரட்டாசிக்குள் ஒரு முறை.

‘புயல் செய்தி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நம் மாவட்டத்துக்குச் சரிவராது. 2017-இல் ஒக்கி, நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் 30-ஆம் தேதி காலையிலேயே புயலாகி, குமரிக்குத் தெற்கே கடலை ஒட்டி நகர்ந்தது. ஒரே நாள் அவகாசம். அந்த ஒரு நாளில் மரம் ஏற ஆள் கிடைக்குமா? சாதாரண நாளிலேயே கெஞ்ச வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. மண்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்து தொங்கும் ஓலை, கொதும்பு (காய்ந்த பாளை உறை), குலை வெட்டிய பிறகு மிஞ்சிய காம்பு, மட்டை இடுக்கில் மக்கிக் கிடக்கும் பன்னாடை எல்லாம் இறங்கட்டும். முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். மரத்தடித் தடத்தில் தண்ணீர் தேங்காமல் வடிய ஒரு வாய்க்கால் கீறி விடுங்கள்.

காற்று பிடிக்காமல் இருக்கப் பச்சை ஓலைகளையும் வெட்டிவிடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் மொட்டையடித்தது போல் வெட்டி வைத்திருக்கிறார்.

அவர் பயத்தில் செய்திருப்பார். நீங்கள் செய்யாதீர்கள்.

குருத்தைச் சுற்றி நிற்கும் ஓலைகள்தான் அதற்குக் காவல். காற்று அடிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டி வளைந்து, நடுவில் இருப்பதைத் தாங்கும். எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஐந்தாறு ஓலையை மட்டும் நிமிர்த்தி விட்டால், காற்று நேராகக் குருத்தில் மோதும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புயலுக்கு முன்னால் இப்படி வெட்டுவது ஒரு பெரிய தொழிலாகவே நடக்கிறது. அங்குள்ள தோட்டக்கலை நிபுணர்களும் அதை வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறார்கள்.

நஷ்டம் அதோடு நிற்காது. ஒவ்வொரு ஓலையின் இடுக்கிலும் ஒரு பாளை உண்டு. ஓலையை இழந்த மரம் குரும்பையை உதிர்க்கும். பச்சை வெட்டுக்காயத்தின் வாடையைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அந்தப் புழு உள்ளே தின்பது வெளியே தெரியாது. தண்டில் காது வைத்தால் மெல்லுகிற சத்தம் கேட்கும், பழுப்பு நிறத்தில் ஒரு நீர் வடிந்து காய்ந்திருக்கும். அது தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சரி, புயல் எச்சரிக்கை வந்துவிட்டது, ஆளும் கிடைத்துவிட்டார் என்றால்? முற்றிய காய், இளநீர்க் குலைகளை இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள். கீழே தழைந்து தொங்கும் கனத்த ஓலைகள் சிலவற்றை எடுக்கலாம். எடுக்கும்போது தண்டை ஒட்டி வெட்டாமல் நாலடி மட்டையை விட்டு வெட்டச் சொல்லுங்கள். வண்டு மட்டையில் இறங்கினாலும் தண்டுக்கு வந்து சேராது. அந்தச் சமயத்தில் தண்ணீர் பாய்ச்சுவதையும் நிறுத்திவிடுங்கள்.

மழை விட்ட பிறகு நடுக்குருத்து மட்டும் வாடி மஞ்சளாக நிற்கிறது. சுற்றியுள்ள ஓலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன.

குருத்தழுகலாக இருக்கலாம். ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், தாமதம் வேண்டாம். குருத்தை லேசாகப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். அடிப்பக்கம் கொழகொழவென்று பழுப்பாக இருக்கும். நாற்றம் எப்படி இருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை, ஏறியவர் முகத்தைத் திருப்புவதிலேயே தெரிந்துவிடும். இது ஃபைட்டோஃப்தோரா என்னும் நுண்ணுயிரியின் வேலை. தொடர் மழையும் குளிர்ந்த ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். இளம் மரங்களையே அதிகம் பிடிக்கும்.

அழுகல் வளர்முனை வரை இறங்கவில்லை என்றால் பிழைக்க வைக்கலாம். அழுகிய பாகத்தை எல்லாம் கூரான கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். ‘கொஞ்சம் போலத்தானே இருக்கிறது’ என்று விட்டுவைக்கக் கூடாது. வெள்ளையான நல்ல சதை தெரியும் வரை சுரண்டிவிட்டு, மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவுங்கள், செய்முறை கீழே இருக்கிறது. அதற்கு மேல் மழை இறங்காதபடி ஒரு பாலித்தீன் தாளையோ மண்சட்டியையோ கவிழ்த்து வைக்க வேண்டும். பலரும் இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். மருந்து அடுத்த மழையில் கழுவிப் போய்விடும், அப்புறம் மருந்து கேட்கவில்லை என்பார்கள். சட்டியை அப்படியே மறந்துவிடவும் கூடாது. புதுக்குருத்து வரத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

வெட்டி எடுத்த கழிவை அடியில் போடாமல் எரியுங்கள். சுற்றியுள்ள நல்ல மரங்களின் குருத்திலும் ஒரு சதவீத போர்டோ கலவை தெளித்துவிட வேண்டும்.

போர்டோ கலவையை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, நீற்றாத நல்ல சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். மயில்துத்தத்தை 50 லிட்டரிலும், சுண்ணாம்பை நீற்றி இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். இரும்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது. பிளாஸ்டிக் வாளி, மண்பானை நல்லது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பளபளப்பான ஒரு இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுங்கள். செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

பசைக்கு 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டரில், 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டரில், இரண்டையும் கலக்கினால் ஒரு லிட்டர். கலக்கியதை அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள்.

போன வருடம் நட்ட தென்னம்பிள்ளைகள் மழையில் ஒவ்வொன்றாகச் சாகின்றன. காற்றுகூட அடிக்கவில்லை.

குழிக்குள் இறங்கிப் பாருங்கள். மூன்றடிக் குழியில் நட்டிருப்பீர்கள், பெருமழையில் கரை மண் சரிந்து பிள்ளையின் கழுத்தை மூடியிருக்கும். நம் செம்மண்ணில் இது ரொம்ப சகஜம். மண் ஓலையிடுக்கில் போய் உட்கார்ந்து, ஈரம் காயாமல், உள்ளேயே அழுகத் தொடங்கும். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் கையாலேயே மண்ணை விலக்கிக் கழுத்தை வெளியே தெரிய விட வேண்டும். இடுக்கில் படிந்த சேற்றைக் கழுவுங்கள். குழியைச் சுற்றி வரம்பு போட்டால் மேட்டுத் தண்ணீர் உள்ளே பாயாது. பிள்ளை வளர வளரக் குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினால் போதும், ஒரே வருடத்தில் மூடிவிட வேண்டாம்.

காற்றுக்கு ஒரு கம்பு நட்டு, சணலால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறு அறுத்துவிடும்.

சாய்ந்த மரத்தை நிமிர்த்தினால் பிழைக்குமா?

வயதைப் பொறுத்தது. தண்டு எழும்பாத, அல்லது இப்போதுதான் எழும்பி வரும் இளம் மரம் என்றால் முயற்சி செய்யலாம். ஓரிரு நாளுக்குள் செய்ய வேண்டும். வேர் வெயிலில் காயாமல் ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கள். அறுந்து நைந்த வேர்களை வெட்டிவிட்டு, குழியை ஆழப்படுத்தி, மரத்தை மெதுவாக நிமிர்த்தி, மண்ணை மிதித்து இறுக்குங்கள். மூன்று திசையிலும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். தண்டில் கயிறு படும் இடத்தில் சாக்கைச் சுற்றுங்கள். கீழ் ஓலைகள் பாதியைக் கழிக்கலாம், வேர் குறைந்த மரம் அத்தனை ஓலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. இங்கே இத்தனை பச்சை ஓலையை வெட்டச் சொல்வதற்குக் காரணம் அதுதான். குலைகள் எல்லாம் இறங்கிவிடட்டும். புதுக்குருத்து நிமிர்ந்து வரும் வரை கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

முப்பது, நாற்பது வயது மரம் வேரோடு விழுந்தால் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். நடுத்தண்டு முறிந்ததும் அப்படியே. விழுந்த மரத்தை விளையில் கிடத்தி வைக்காதீர்கள். மக்கும் தடி காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. இரண்டு, மூன்று மாதத்துக்குள் பிளந்து காயவைத்து விறகாக்குங்கள், அல்லது உத்தரத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பியில் சாய்ந்து கிடக்கிறது. நாமே இழுத்துவிடலாமா?

கூடாது. ஈர ஓலையில் மின்சாரம் பாயும். மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

மட்டை இடுக்கில் வேப்பம் புண்ணாக்கும் மணலும் வைக்கச் சொல்கிறார்களே, அது எதற்கு?

காண்டாமிருக வண்டுக்கு. விரிந்த ஓலையில் கத்தரியால் முக்கோணம் வெட்டியது போல் தெரிந்தால், அந்த ஓலை குருத்தாக இருந்தபோது வண்டு துளைத்திருக்கிறது. வண்டு போட்ட ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் அழுகலும் கூடவே வரும். அதனால் இதையும் மழைக்கால வேலையாகவே வையுங்கள். ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்குத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் மேலேயிருக்கும் மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். மரமேறுபவரிடம் கொக்கி வைத்த கம்பி இருந்தால், துளைக்குள் இருக்கும் வண்டையும் குத்தி எடுத்துவிடுவார். எருக்குழியில் வெள்ளைப்புழு இருக்கிறதா என்று கிளறிப் பார்ப்பதும் அவசியம், வண்டு வருவதே அங்கிருந்துதான்.

கமுகுக்கும் இதே முறைதானா?

பாதிதான். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் கமுகு வைத்திருப்பவர்களுக்குக் காற்றைவிட ஆனி, ஆடிச் சாரல்தான் தலைவலி. குலையில் பிஞ்சும் காயும் நீர் கோத்தது போல் நிறம் மாறி, வெள்ளைப் பூஞ்சை படர்ந்து கொட்டும். மகாளி நோய் என்பார்கள். தென்னைக் குருத்தை அழுகவைக்கும் அதே குடும்பத்து ஆசாமி. சாரல் தொடங்குவதற்கு முன் ஒரு சதவீத போர்டோ கலவையைக் குலை நனையத் தெளித்து, நாற்பது, நாற்பத்தைந்து நாள் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். வீட்டுக்குப் பத்து மரம் என்றால் குலைக்குப் பாலித்தீன் உறை கட்டினாலே போதும்.

கமுகு ஒல்லி மரம், தனியாக நின்றால் முறியும். தென்னைக்கும் வாழைக்கும் நடுவில் நெருக்கமாக நின்றால் தப்பிக்கும். தென்மேற்குப் பக்கம் நிழல் இருந்தால் வெயில் சுட்டுத் தண்டு வெடிக்காது, வெடிக்காத தண்டு காற்றுக்கும் தாங்கும்.

பனைக்கு?

பனைக்கு நாம் செய்ய வேண்டியது வெட்டாமல் இருப்பதுதான். ஆழமாக வேர்விட்டு நிற்கும் மரம் அது, ஓலை கிழிந்தாலும் ஆள் அசையாது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறார்கள்.

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். வீட்டுக்கு முன்னால் பனை மாதிரி ஒரு மரம் வாங்கி நட்டிருக்கிறாள். பனி கொட்டும் என்கிறாள். அது பிழைக்குமா?

என்ன மரம் என்று கேளுங்கள். விசிறி ஓலையும், தண்டு முழுக்கப் பழுப்பு நாரும் சுற்றியிருந்தால் அது அநேகமாகச் சீனாவிலிருந்து போன டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. பனைக் குடும்பத்தில் குளிர் தாங்குவதில் பேர்போனது. வேர் பிடித்த மரம் பூஜ்யத்துக்குக் கீழே 12, 15 டிகிரி வரைகூடத் தாக்குப்பிடிக்கும். இங்கிலாந்துக் குளிருக்கு அது தாராளம். நம் நாட்டிலேயே அதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. உத்தராகண்டின் பித்தோராகர் பக்கத்து மலையில் டிராக்கிகார்பஸ் டாகில் பனிக்காட்டில் நிற்கிறது. மத்தியதரைக் கடல் பக்கத்துக் குட்டைப்பனையான கமராப்ஸ் மைனஸ் 10-ஐ ஒட்டித் தாங்கும். கேனரித் தீவு ஈந்து மைனஸ் 6-க்கும் கீழே போனால் சிரமப்படும். அமெரிக்காவின் தென்கிழக்கில் முளைக்கும் ஊசிப்பனை மைனஸ் 20 வரை போகும், ஆனால் உயரம் வளராது, புதர் போலத்தான் இருக்கும்.

இந்த எண்களை அப்படியே நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். இவை வேர் பிடித்த, உலர்ந்த நிலையில் நிற்கும் மரத்துக்கானவை. நட்ட முதல் வருடம், தொட்டிச்செடி, குருத்தில் தண்ணீர் தேங்கி உறைந்த மரம் எல்லாம் அதைவிட மிதமான குளிரிலேயே போய்விடும். அங்கேயும் கொல்வது குளிரும் ஈரமும் சேர்ந்துதான். நம் ஊர் மழைக்காலக் குருத்தழுகலை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்.

செய்ய வேண்டியது: அடியில் அரை அடிக்கு மரப்பட்டைத் தூளோ காய்ந்த இலையோ பரப்ப வேண்டும், தண்டை ஒட்டாமல். கடுங்குளிர் அறிவிப்பு வந்தால் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, குருத்தைச் சுற்றி உலர்ந்த வைக்கோலை வைத்து, அங்கே தோட்டக் கடைகளில் கிடைக்கும் காற்றுப்புகும் வெள்ளைத் துணியால் சுற்றலாம். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றக் கூடாது, உள்ளே வேர்த்து அழுகும். மழையைத் தடுக்கத் தலைக்கு மேல் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கூரை இருக்கலாம். மிகக் கடுமையான இடங்களில் சீரியல் பல்பைத் துணிக்குள் சுற்றி எரியவிடுவார்கள். அதற்குப் பழைய இழை பல்புதான் வேண்டும், எல்இடி சூடு தராது. மழையில் நனைவதால் வெளிப்புறத்துக்கான வயராக இருக்க வேண்டும். குளிர் தணிந்த நாளில் கட்டை அவிழ்த்துக் காற்றுப்பட விட வேண்டும். மார்கழியில் சுற்றிவிட்டுப் பங்குனியில் திறந்தால் உள்ளே இருப்பதைப் பார்க்கப் பிடிக்காது.

ஓலையில் பனி குவிந்தால் துடைப்பத்தால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டிவிடலாம். வெந்நீர் ஊற்றுவது வேண்டாம்.

குளிர் முடிந்தது, குருத்து கையோடு வந்துவிட்டதாம். பிடுங்கிப் போட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். மேலே சொன்ன அதே குருத்தழுகல் கதைதான், ஒரே ஒரு நல்ல வித்தியாசம்: வளர்முனை இன்னும் கீழே உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டையில் தேங்கிய நீரை வடித்து, அழுகியதை எடுத்து, தாமிர மருந்து ஊற்றி, மழை படாமல் மூடி வைக்கச் சொல்லுங்கள். வெயில் காலம் முழுக்கக் காத்திருக்கலாம். முதலில் வரும் ஓலை பாதி வெட்டுப்பட்டு அலங்கோலமாக வரும், அது நல்ல சகுனம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸை வாட்டிய உறைபனியில் ஏராளமான பனைகள் கருகின. அங்கேயும் ஓலை கருகியதைப் பார்த்த உடனே வெட்டாமல் கோடை வரை பொறுக்கச் சொன்னார்கள்.

நம் தென்னம்பிள்ளையையே அங்கே கொண்டுபோனால்?

கண்ணாடி வீட்டுக்குள் வைத்து அழகு பார்க்கலாம், காய் எதிர்பார்க்க முடியாது. தென்னைக்குச் சராசரி 27 டிகிரி வேண்டும். உறைபனி ஒரு ராத்திரி பட்டாலே முடிந்தது. செடி கொண்டுபோவதற்கு அந்தந்த நாட்டில் கட்டுப்பாடும் உண்டு, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

உரம் போட்டு மரத்தைத் திடப்படுத்த முடியுமா?

முடியும், சாம்பல் சத்தால், அதாவது பொட்டாஷால். காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழு உரம் 50 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இரண்டாகப் பிரித்துப் போடுவது வழக்கம். யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டுப் பொட்டாஷை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், விலைதான் காரணம். அப்படி வளர்ந்த மரம் பார்க்கக் கருகருவென்று இருக்கும், ஆனால் நோய்க்கும் வறட்சிக்கும் சீக்கிரம் பணியும். தண்டிலிருந்து ஆறடி ஆரத்துக்குள் வட்டமாகப் போட்டுக் கொத்திவிடுங்கள். கனமழை நேரத்தில் போட்டால் உங்கள் பணம் வாய்க்காலோடு போகும்.

இடி விழுந்த மரம்?

ஒன்றும் செய்வதற்கில்லை. ஓலைகள் சுற்றிலும் தொங்கி, சில வாரத்தில் மண்டை சாயும். பக்கத்து மரங்களும் வாடுகின்றனவா என்று ஒரு மாதம் கவனியுங்கள்.

விழுந்த மரத்துக்குப் பணம் ஏதும் கிடைக்குமா?

இரண்டு வழி உண்டு. ஒன்று, பேரிடர் நிவாரணம். அரசு அறிவித்தால்தான் உண்டு, கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது மரம் விழுந்த இடம் தெரிய வேண்டும். அதனால் அறுப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குவது முக்கியம்.

மற்றது, தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீடு. புயல், வெள்ளம், இடி, பூச்சிநோய் எல்லாம் அதில் அடங்கும். குறைந்தது ஐந்து காய்க்கும் மரங்களாவது இருக்க வேண்டும். குட்டை, ஒட்டு ரகங்களுக்கு 4 வயது முதலும், நெட்டைக்கு 7 வயது முதலும், 60 வயது வரை சேர்க்கலாம். பிரீமியத்தில் பெரும்பங்கை அரசே கட்டுகிறது. புயல் சின்னம் தெரிந்த பிறகு ஓடினால் நடக்காது, ஆனியிலேயே வேளாண் அலுவலகத்தில் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். சேர்த்த மரங்களுக்கு வரிசையாகப் பெயின்டில் எண் எழுதி வைத்தால், பிறகு எந்த மரம் விழுந்தது என்ற விவாதம் வராது.